முதல் பாதி அவருடையது

செப்டம்பர் 10, செவ்வாய்

காலை 10.20க்கு அந்த எண்ணை அழைத்தேன். சிகரெட் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கும் உதவி எண்தான். ஒன்பது நாளாக அழைக்கப் போவதாக இருந்தேன். இரண்டு முறை கடைசி எண்ணுக்கு முன்னால் நிறுத்திவிட்டேன். இன்று அதையும் அழுத்தினேன்.

ஒரு பெண் பேசினார். பெயர் நசீமா. முப்பது வயதுக்குள் இருக்கும் என்று தோன்றியது. குரலை வைத்து வயது சொல்லும் திறமை எனக்கு இல்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

கேட்டதற்கெல்லாம் வரிசையாகப் பதில் சொன்னேன். நாகசுந்தரம். எழுபத்தொன்று. திருச்சி. பாடநூல் அச்சிடும் அச்சகத்தில் முப்பத்தைந்து வருடம் புரூஃப் ரீடர். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சிகரெட். ஆரம்பித்தது முப்பத்தெட்டு வயதில்.

"முப்பத்தெட்டுலயா? எல்லாரும் காலேஜ்லயே ஆரம்பிச்சிருவாங்க சார். நீங்க லேட்டு."

"எல்லாத்துலயும் கொஞ்சம் லேட்டுதாம்மா."

இப்போது ஏன் நிறுத்த நினைக்கிறீர்கள் என்று கேட்டார். இடது காலைப் பற்றிச் சொன்னேன். ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. அறுபது அடி நடந்தால் கெண்டைச்சதை பிடித்துக்கொள்கிறது. டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்: "நிறுத்திட்டு வாங்க, அடைப்பை எடுத்துடலாம். நிறுத்தாம வந்தா நான் கத்தி வைக்க மாட்டேன். அப்புறம் விரல்ல ஆரம்பிச்சு மேல மேல எடுக்க வேண்டியிருக்கும்." நவம்பர் வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்.

"வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க சார்?"

"நான் மட்டும்தாம்மா. வீட்டுல... போன வருஷம் ஜூலைல தவறிட்டாங்க."

"அச்சச்சோ. அம்மா தவறிட்டாங்களா."

அவர் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

'வீட்டுல' என்றால் கேட்பவருக்கு மனைவி என்றுதான் பொருள்படும். இது எனக்குத் தெரியாதது அல்ல.

ஒவ்வொரு சிகரெட்டையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறார். நேரம், இடம், உடன் இருந்தவர், காரணம். அதற்காகத்தான் இந்த நோட்டு. பழைய புரூஃப் தாள்களின் வெற்றுப் பக்கங்களை வைத்து நானே தைத்தது. நான்கு பத்தி என்றார். எனக்கு நான்கு பத்திக்குள் நிற்கத் தெரியாது. அதனால் மற்றதையும் எழுதிவிடுகிறேன்.

செப்டம்பர் 11, புதன்

காலை 6.10. மொட்டைமாடி. யாருமில்லை. பழக்கம். அரை.
7.30. சமையலறை ஜன்னல். யாருமில்லை. காபிக்குப் பிறகு. அரை.
9.00. அதே இடம். யாருமில்லை. காரணம் தெரியவில்லை. அரை.

இப்படியே பன்னிரண்டு வரி. எல்லாம் அரை. எல்லாவற்றிலும் யாருமில்லை. மாலை 5.45க்கான வரியில் காரணம் எழுத இடம் போதவில்லை என்று விட்டுவிட்டேன். இடம் இருந்தது.

செப்டம்பர் 13, வெள்ளி

சிங்காரத்தின் பெட்டிக்கடைக்குப் போகும் வழியில் இரண்டு இடத்தில் நின்றேன். மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் கண் மருத்துவ முகாம் நோட்டீஸைப் படிப்பதுபோல நின்றால் யாரும் கேட்பதில்லை. அதில் ஒரு ஒற்றுப்பிழை இருக்கிறது.

சிங்காரம் கேட்டார்: "என்ன சார், நோட்டு எழுதறீங்களாமே. கணக்கு வச்சுக் குடிக்கறவரை இப்பத்தான் பாக்கறேன்."

"நிறுத்தறதுக்கு சிங்காரம்."

"நீங்களா? கருமிக் கூட்டணில ஒருத்தர்." ஒரு சிகரெட்டை இரண்டு பேராகக் குடிப்பதைப் பார்த்து அவர் எங்களுக்கு வைத்த பெயர் அது. "அந்தப் பங்காளி போனதுலேருந்து முழுசும் உங்களுக்கே. அதான் காலு கெட்டுப் போச்சு."

சிரித்தேன். சிங்காரம் நல்லவர். இருபது வருடம் எங்களைப் பார்த்தவர். பார்த்ததைக் கருமித்தனம் என்று நினைத்துக்கொண்டவர். அது எங்களுக்குப் பெரிய பாதுகாப்பாக இருந்தது.

செப்டம்பர் 17, செவ்வாய்

நசீமா அழைத்தார். நோட்டை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"இருங்க சார். எல்லாமே அரையா? பன்னெண்டும் பாதிப் பாதிதான் குடிக்கறீங்களா?"

"ஆமாம்மா. பாதிதான்."

"ஒரே வாரத்துலயா? அப்ப இது ஆறு சிகரெட் கணக்கு சார். நான் பேசறவங்கள்ல யாரும் இவ்வளவு சீக்கிரம் குறைச்சதில்லை."

எத்தனை வருடமாகப் பாதி என்று அவர் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று அப்போது தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

பிறகு சில யோசனைகள் சொன்னார். ஆசை வரும்போது ஐந்து நிமிடம் தள்ளிப் போட வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும். அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று, "உனக்காக விடறேன்" என்று சொல்ல வேண்டும். அம்மாவுக்குப் பிடித்த பாட்டைப் போட்டுக் கேட்க வேண்டும்.

"சரிம்மா" என்றேன். நான்கு முறை சொன்னேன்.

செப்டம்பர் 18, புதன்

வீட்டில் படம் இல்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

புதன்கிழமை எழுதியதைவிடச் சரியாகச் சொல்ல வேண்டுமானால், ஒரு படம் இருக்கிறது. வேளாங்கண்ணி போனபோது எடுத்தது. ஆறு ஆண்கள், கடல், ஒரு நாய். அதன் முன்னால் நின்று சத்தியம் செய்தால் ஆறு பேருக்கும் சேர்த்துச் செய்ததாகும். நாய்க்கும்.

மழை. கீழ்வீட்டில் மீன் வறுக்கும் வாசனை. சட்டைப் பொத்தான் இரண்டு தைத்தேன்.

எழுத்துத் தமிழில் 'அவர்' என்றால் ஆணுமாகலாம், பெண்ணுமாகலாம். மரியாதை மட்டும் தெரியும், ஆள் தெரியாது. பேச்சில் அப்படி இல்லை. 'அவங்க' என்றால் பெண், அல்லது பலர். 'அவரு' என்றால் ஆண்தான். கடைசியில் ஒட்டும் அந்த உகரம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் பேச்சு வழக்கு வந்த இடமெல்லாம் அந்த உகரத்தை வெட்டியிருக்கிறேன். வாயிலும் வெட்டினேன். யார் கேட்டாலும், "அவங்க வர நேரமாகும்", "அவங்களுக்குக் காரம் ஆகாது." அச்சகத்தில் எனக்கு ஒரு மனைவி இருப்பதாகவே பலரும் நினைத்தார்கள். மிகவும் கூச்ச சுபாவம் உள்ள மனைவி, எந்த விசேஷத்துக்கும் வராதவர்.

அந்தச் சொல்லுக்குள்தான் குடியிருந்தோம். வாடகைக்கு வீடு கிடைத்தது வேறொரு சொல்லால். "ரூம்மேட்" என்றால் வீட்டுக்காரர்கள் உடனே சாவியைக் கொடுத்தார்கள்.

அக்டோபர் 1, செவ்வாய்

ஆஸ்பத்திரி. ஒரு சின்னக் கருவியில் மூச்சை அடக்கி ஊதச் சொன்னார்கள். புகையின் அளவு தெரியுமாம். ஆகஸ்டில் இருபத்தொன்று. இன்று இருபது.

டாக்டர் என் நோட்டைப் புரட்டினார். "அழகா எழுதியிருக்கீங்க. எழுத்து முத்து மாதிரி இருக்கு. ஆனா பெரியவரே, நோட்டு பொய் சொல்லும், இது சொல்லாது." கருவியை என் முகத்துக்கு நேரே காட்டினார். "பாதியா குறைச்சிருந்தா பாதியா இறங்கியிருக்கணும். யாரை ஏமாத்தறீங்க?"

பக்கத்தில் நின்ற நர்ஸ் என் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது சில்லுன்னு இருக்கு" என்றார். அதை டாக்டரிடம்தான் சொன்னார். ஆனால் கால் என்னுடையது.

நோட்டில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. நான் குடிப்பது பாதிதான். முப்பத்து மூன்று வருடமாகப் பாதிதான். பற்றவைக்க ஒரு இழுப்பு. பிறகு எதிர் நாற்காலிக்கு முன்னால் இருக்கும் சாசரில் வைத்துவிடுகிறேன். அது அங்கே தானாகப் பாதி வரை எரியும். அதன் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

இதை டாக்டரிடம் சொல்வதற்கு ஒரு வாக்கியம் அமைத்துப் பார்த்தேன். எழுவாய் கிடைக்கவில்லை.

அக்டோபர் 2, புதன்

பகல் 11 மணிக்கு நசீமாவின் அழைப்பு. எடுக்கவில்லை.

அக்டோபர் 3, வியாழன்

இரண்டு முறை. எடுக்கவில்லை. ரேஷன் கடையில் வரிசை இல்லை. அரிசி வாங்கினேன். படியேறும்போது நான்காவது படியிலும் பதினோராவது படியிலும் உட்கார்ந்தேன்.

அக்டோபர் 5, சனி

பதினான்கு சிகரெட். பதினான்கு அரை.

அக்டோபர் 8, செவ்வாய்

இன்றும் அழைத்தார். தொலைபேசி மேசை மேல் நடுங்கிக்கொண்டே விளிம்பு வரை நகர்ந்து வந்தது. கீழே விழாமல் கையால் தடுத்தேன். எடுக்கவில்லை.

என்ன பயம் என்று வரிசைப்படுத்திப் பார்த்தேன். அவர் சிரித்துவிடலாம். போனை வைத்துவிடலாம். "இந்த வயசுலயா" என்று கேட்கலாம். ஒன்றும் சொல்லாமல், குரல் மட்டும் மாறிப்போகலாம். கடைசியாக எழுதியதுதான் முதலில் வந்திருக்க வேண்டியது.

வேறு யாருடனும் இப்போது நான் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசுவதில்லை. அதனால் அந்தக் குரல் மாறக் கூடாது. அதற்காக அந்தக் குரலையே கேட்காமல் இருக்கிறேன். இதை எழுதிப் பார்க்கும்போது முட்டாள்தனமாகத் தெரிகிறது.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூசை

என் கண்ணாடி, சிவப்புப் பேனா, அகராதி. அவருடைய கருவிப் பெட்டி. நான்குக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன்.

அவர் கோயிலுக்கு வரமாட்டார். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவர். ஆனாலும் இந்த ஒரு நாள் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைப்பார். "வாத்தியாரே, என் ஸ்பேனரையும் உன் சாமி பாத்துக்கட்டும். எங்காளுக்கு மரவேலைதான் தெரியும்." நான் வாத்தியார் இல்லை. அவர் செய்கிற தப்பை எல்லாம் திருத்திக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர்.

முதல் சிகரெட் எப்போது, யாருடன் என்று நசீமா முதல் நாளே கேட்டார். "ஒரு ஃப்ரெண்டோட" என்று மட்டும் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

1991. திருச்சி ஜங்ஷன். லால்குடி பாசஞ்சர் ஒன்றரை மணி நேரம் தாமதம். நீலச் சட்டை, கிரீஸ் படிந்த நகங்கள், உதட்டில் பற்றவைக்காத சிகரெட். என்னிடம் வந்து, "சார், தீப்பெட்டி இருக்கா?" என்றார். எனக்குப் புகைக்கும் பழக்கம் கிடையாது. இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் அடுத்த ஆளிடம் போயிருப்பார். "கொஞ்சம் இருங்க" என்றேன். பிளாட்பாரத்தின் அந்தக் கோடிக்கு நடந்தேன். இல்லை, ஓடினேன். ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அவர் பிரிக்காத பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாதி குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினார். வாங்கினேன். இருமினேன். சிகரெட்டின் ஃபில்டர் ஈரமாக இருந்தது.

அன்றிலிருந்து சட்டைப் பையில் தீப்பெட்டி இல்லாமல் நான் வெளியே போனதில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

நானே அழைத்தேன். ஓர் ஆண் எடுத்தார். வைத்துவிட்டேன். கால் மணி நேரம் கழித்து மறுபடி அழைத்து, நசீமாவிடம் பேச வேண்டும் என்றேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

"சார். நாலு தடவை போட்டேன்."

"தெரியும்மா. பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

"எம்மேல வருத்தமா?"

"இல்லம்மா. ஒரு திருத்தம் சொல்லணும். முதல் நாள் சொன்னதுல ஒரு பிழை விழுந்துடுச்சு."

"சொல்லுங்க சார்."

"வீட்டுல தவறினது... அவங்க இல்ல. அவரு."

"எவரு சார்?"

"அவருதாம்மா. பேரு அருளப்பன். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டர். முப்பத்திரண்டு வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம்."

ஏழு வரை எண்ணினேன்.

"சார், லைன்ல இருக்கீங்களா?" என்றார், பேசாமல் இருந்தது நான்தான் என்பதுபோல.

"இருக்கேன்."

"அப்ப அந்த அரை?"

"முதல் பாதி அவருது. ரெண்டாவதுதான் என்னுது. ஆரம்பத்துலேருந்தே அப்படித்தான். நான் எதையும் குறைக்கலை, நீங்க பாராட்டினப்ப வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். தெருவுல ரெண்டு ஆம்பளைங்க வேற என்னத்தைம்மா கை மாத்திக்க முடியும்? கையைப் பிடிக்க முடியுமா? சிகரெட்டுன்னா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க."

"நான் பாருங்க, ஒரு மாசமா தப்பான ஆளுக்கு வைத்தியம் பாத்திருக்கேன்" என்றார். குரல் மாறவில்லை. காதை அழுத்தி வைத்துக்கொண்டு கேட்டேன். மாறவில்லை. "பாட்டுப் போட்டுக் கேளுங்க, படத்துக்கு முன்னாடி நில்லுங்கன்னு... நீங்களும் சரிம்மா சரிம்மான்னீங்களே சார்."

"பழக்கம்மா."

"படிவத்துல 'மனைவி, மறைவு'ன்னு போட்டிருக்கேன். அழிச்சிடறேன். என்ன போடட்டும்?"

நண்பர், அறைத்தோழர், கூட்டாளி, துணைவர். ஒவ்வொன்றாக மனதில் வைத்துப் பார்த்தேன். "இப்போதைக்குக் காலியா விடுங்கம்மா."

"சரி. இது என்னைத் தாண்டி எங்கயும் போகாது. இங்க மூணு வருஷமா இருக்கேன். உங்களை மாதிரி அஞ்சாறு பேர் பேசியிருக்காங்க, எனக்குத் தெரிஞ்சு. தெரியாம எத்தனை பேரோ. பாதிப் பேர் ரெண்டாவது தடவை வரமாட்டாங்க. நாங்க ஏதாவது சொல்லிடுவோம்னு பயம். எங்கயாவது யாராவது சொல்லியும் இருப்பாங்க. என்ன நடந்தாலும் நீங்க மட்டும் நடுவுல விட்டுடாதீங்க."

"இல்லம்மா."

"சரி, இப்ப சொல்லுங்க. பன்னெண்டுல எது ரொம்பக் கஷ்டம்?"

"சாயங்காலம் அஞ்சே முக்கால். அவரு ஷிஃப்ட் முடிஞ்சு வர நேரம்."

போனை வைத்துவிட்டு இந்த நோட்டை எடுத்தேன்.

அக்டோபர் 18, வெள்ளி

நசீமாவுடன் நாற்பது நிமிடம். எதிர் நாற்காலிச் சாசரைப் பற்றியும் சொன்னேன். நிறுத்தும் நாள் முடிவாகிவிட்டது: அக்டோபர் 21, திங்கள். அவர் சொன்ன பட்டியல்:

வீட்டில் இருக்கும் சிகரெட், தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் முந்தின நாள் வெளியேற்றிவிட வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கும் நிக்கோட்டின் சூயிங்கத்தை மெதுவாக மென்று கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும்.

"சாம்பல் தட்டையும் தூக்கிப் போடணும்னு எங்க பட்டியல்ல இருக்கு. ஆனா அந்தச் சாசரை விட்டுடுங்க சார். கழுவி அங்கயே வையுங்க. நான் அவரை விடச் சொல்லல, பத்த வைக்கறதை மட்டும் விடுங்க. அஞ்சே முக்காலுக்கு வேற எதையாவது ரெண்டாப் பிரிங்க."

"எதைம்மா?"

"அவருக்கு என்ன பிடிக்கும்?"

ஒன்றேகால் வருடத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்கவில்லை.

"கடலை மிட்டாய்."

அக்டோபர் 20, ஞாயிறு

வீட்டில் பதினோரு தீப்பெட்டிகள் இருந்தன. சட்டைகளில், அலமாரியில், சாமி படத்துக்குப் பின்னால். எல்லாவற்றையும் கீழ்வீட்டு அம்மாவிடம் கொடுத்தேன். கார்த்திகைக்கு ஆகும் என்றார்.

கடைசிச் சிகரெட், மாலை 5.45. இன்று சாசரில் வைக்கவில்லை. முழுதையும் நானே குடித்தேன். பற்றவைக்கும் இழுப்பைத் தாண்டி முதல் பாதி எப்படி இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது. காரம் குறைவாக இருந்தது. நல்ல பாதியைத்தான் அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார், முப்பத்திரண்டு வருடமாக. இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

அக்டோபர் 21, திங்கள்

இல்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

இல்லை. நசீமா காலையிலும் மாலையிலும் பேசினார். கடலை மிட்டாயை இரண்டாக உடைத்தேன். முதல் பாதி சாசரில். ஆறு மணிக்குள் எறும்பு வந்துவிட்டது.

அக்டோபர் 24, வியாழன்

எரிச்சல். பால்காரரைத் திட்டினேன், பிறகு படியிறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டேன். மாலையில் சிங்காரம் கடை வரை நடந்தேன். அவர் வழக்கம்போல ஒன்றை எடுத்து நீட்டினார். கையில் வாங்கிவிட்டேன். பற்றவைக்கக் கடையில் கனன்றபடி தொங்கும் கயிற்றை எடுக்கக் குனிந்தேன். கெண்டைச்சதை பிடித்துக்கொண்டது. அப்படியே நின்றேன்.

"என்ன சார்?"

"வேண்டாம் சிங்காரம். எடுத்து வச்சுக்குங்க. கடலை மிட்டாய் கொடுங்க."

"ஒண்ணா?"

"ஒண்ணு போதும். ரெண்டா உடைச்சுக்கறேன்."

"கருமித்தனம் போகாது" என்றார் சிங்காரம்.

அக்டோபர் 29, செவ்வாய்

நசீமா ஒன்று சொன்னார். இப்போதெல்லாம் புதிதாகப் பேசுகிறவர்கள் "வீட்டுல" என்றால், மனைவி என்று அவராக எழுதிக்கொள்வதில்லையாம். "உங்க கூட யார் இருக்காங்க" என்று கேட்கிறாராம். பக்கத்து மேசைக்காரரும் அப்படியே மாற்றிக்கொண்டாராம். "உங்க திருத்தம்தான் சார். பிழை இருந்தா சொல்லுங்க."

பிழை இல்லை என்றேன்.

அக்டோபர் 30, புதன்

ஆஸ்பத்திரி. ஊதினேன். நான்கு.

டாக்டர் கருவியைத் தட்டிவிட்டு மறுபடி ஊதச் சொன்னார். நான்குதான். "பெரியவரே, போன தடவை கொஞ்சம் கடுமையாப் பேசிட்டேன்" என்றார். நவம்பர் 12ஆம் தேதி அடைப்பு எடுக்கிறார்கள். 11ஆம் தேதியே சேர்ந்துவிட வேண்டும். ஒரு படிவம் கொடுத்தார்கள். உடனிருப்பவர் பெயர், உறவு, கையொப்பம். அது இல்லாமல் சேர்க்க மாட்டார்களாம்.

என் பெயர், வயது, முகவரி எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். அந்த மூன்று வரி மட்டும் காலி.

போன வருடம் ஜூலையில் இதே போன்ற படிவத்தில் 'உறவு: நண்பர்' என்று எழுதினேன். சொந்தக்காரர்கள் வரட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய தங்கை ஃபிலோமினா திண்டுக்கல்லிலிருந்து வந்து சேர ஐந்து மணி நேரம் ஆனது. ஐந்து மணி நேரமும் நான் கதவுக்கு வெளியில் இருந்தேன். அருளப்பன் நான்கு மணி நேரம்தான் இருந்தார்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

இல்லை. தெரு முழுதும் புகை. ஜன்னல்களைச் சாத்தி வைத்தேன். கீழ்வீட்டு அம்மா அதிரசம் கொடுத்தார். இரண்டாக உடைத்தேன்.

நவம்பர் 2, சனி. கல்லறைத் திருநாள்

போன வருடம் இந்த நாளில் போகவில்லை. அடக்கத்தன்று கடைசி வரிசையில் நின்று மண் போட்டதோடு சரி. இந்த வருடம் போவதென்று முடிவு செய்து, நேற்றே பட்டியல் எழுதினேன். சாமந்தி, மெழுகுவத்தி ஒன்று, துடைக்கத் துணி, தண்ணீர் பாட்டில், மடக்குக் குடை. படிவத்தையும் பையில் வைத்தேன். ஏன் என்று தெரியாது. வீட்டில் வைத்துவிட்டுப் போக மனம் வரவில்லை.

குருவானவர் வந்து கல்லறைகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பது நான்கு மணிக்கு. குடும்பங்கள் எல்லாம் திரும்பிய பிறகு போகலாம் என்று ஐந்தேகாலுக்கு ஆட்டோவில் போனேன். வாசலில் பூ விற்கும் அம்மா, "யாருக்கு ஐயா, வீட்டம்மாவுக்கா?" என்றார். "வீட்டுல இருந்தவருக்கு" என்றேன். அவர் அதற்குள் அடுத்தவருக்கு முழம் போட ஆரம்பித்துவிட்டார். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

ஃபிலோமினா இன்னும் போகவில்லை. தனியாக உட்கார்ந்து சிலுவையில் இருந்த பெயிண்ட் துளிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் புங்க மரத்தோடு ஒட்டி நின்றேன்.

"ரூம் சார்தானே? ஏன் அங்கயே நிக்கிறீங்க? வாங்க."

போனேன். பூவை வைத்தேன். மெழுகுவத்தியை மண்ணில் ஊன்றினேன். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. காலியாக இருந்தது. முப்பத்து மூன்று வருடத்தில் முதல் முறை. பட்டியலை இரண்டு முறை சரிபார்த்தவன் தீப்பெட்டியை எழுதவே இல்லை. அது எப்போதும் பையில் இருக்கும் பொருள், எழுத வேண்டியதில்லை.

"ஏம்மா, தீப்பெட்டி இருக்கா?" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று காதில் விழுந்தது.

"என்கிட்டயா கேக்கறீங்க? ரெண்டு பேரும் சேந்து எஞ்சின் மாதிரி ஊதுவீங்களே."

"விட்டுட்டேம்மா. பதிமூணு நாளாச்சு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் ஏற்றியிருந்த மெழுகுவத்திகளும் காற்றில் அணைந்திருந்தன. "கொஞ்சம் இருங்க" என்று எழுந்தார். முட்டிவலிக்காரர். இரண்டு வரிசை தள்ளி யாரோ ஒருவருடைய கல்லறைக்குப் போய், தன் மெழுகுவத்தியில் நெருப்பு வாங்கி, உள்ளங்கையைக் குவித்து மறைத்தபடி மெதுவாக நடந்து வந்தார். அந்த வெளிச்சம் என்னிடம் வந்து சேரும் வரை நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அருளுக்கும் அதே விரல்கள்.

பற்றிக்கொண்டது.

காலைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். "ஆஸ்பத்திரில கூட யாரு?" என்றார். பையிலிருந்து படிவத்தை எடுத்துக் காட்டினேன். காலியான மூன்று வரியை விரலால் தடவினார்.

"அண்ணன் இருந்தா அதுதானே கையெழுத்து போட்டிருக்கும்" என்றார், மணி என்ன என்று சொல்வதுபோல.

"ஆமாம்மா."

"பேனா இருக்கா? அதையாவது வச்சிருக்கீங்களா?"

சிவப்புப் பேனாதான் இருந்தது. பெயர் எழுதினார். உறவு என்ற இடத்தில் நிறுத்தினார். "இதுல என்ன சார் போடறது? நீங்க எனக்கு என்ன முறை? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

பூக்காரம்மாவிடம் பாதி சொன்னதை முழுதாகச் சொன்னேன். "அண்ணன் வீட்டுலன்னு போடும்மா."

மெழுகு ஒரு சொட்டு இறங்கி மண்ணில் உறைந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. கல்லறையில் இருந்த பெயரைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். 'வீட்டுல' என்றே எழுதினார், பேச்சு வழக்கில். நான் திருத்தவில்லை.

நேரம்: 5.45. இடம்: கல்லறைத் தோட்டம். உடன் இருந்தவர்: அருளப்பன். சிகரெட்: இல்லை.